கட்டடத்தை விரலில் அணியலாமா?

ஒரு கட்டடத்தை விரலில் அணிய முடியுமா? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இன்று உலகின் பல நகரங்களில் நகைக் கலைஞர்கள் இதையே தம் தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள். பாலத்தின் வளைவு காப்பாகிறது. மாடிப்படியின் சுருள் மோதிரமாகிறது. கூரையின் மடிப்பு கழுத்தணியாகிறது. கட்டடக் கலைஞர்களே நகை செய்ய முன்வந்ததும் உண்டு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கேரி 2006-ஆம் ஆண்டில் டிஃபனி நிறுவனத்துக்காக நகைகளை வடிவமைத்தார். ஈராக்கில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஸாஹா ஹதீத், தாம் மறைந்த 2016-ஆம் ஆண்டில், டென்மார்க்கின் ஜியார்ஜ் ஜென்சன் நிறுவனத்துக்காக மோதிரங்களையும் காப்புகளையும் வடிவமைத்து அளித்தார். அவருடைய கட்டடங்களில் அலை அலையாக அடுக்கி வரும் விளிம்புகளே அந்த நகைகளிலும் வந்தன.

கட்டடத்தின் உருவத்தைச் சிறிதாக்கிப் பொன்னில் வார்த்துவிட்டால் நகை ஆகிவிடுமா? ஆகாது. கட்டடம் ஏன் நிற்கிறது என்பதை அறிந்து, அது சிறிதாகும்போது எவை மாறுகின்றன என்பதையும் அறிந்தவரே அதை நல்ல நகையாக்க முடியும். இந்தப் பாடத்தைக் கற்க நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கொடைக்கானலைத் தன் மேல் தாங்கி நிற்கும் பழனி மலைத்தொடரே போதும். அங்கே 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கட்டடங்களும் உள்ளன. அதே காலத்து நகைப் பட்டறை ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.

மலைமேல் நிற்கும் கல் வீடுகள்

பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே பிரிந்து வரும் ஒரு கிளை. அதன் மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. தாண்டிக்குடி, பெருமாள்மலை போன்ற இடங்களைச் சுற்றிப் பாறைச் சரிவுகளில் விசித்திரமான கல் வீடுகளைக் காணலாம். மூன்று அல்லது நான்கு பலகைக் கற்கள் சுவர்களாக நிற்கும். அவற்றின் மேல் அகன்ற கல் ஒன்று கூரையாகக் கிடக்கும். சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை, பூச்சு இல்லை. ‘பாண்டவர் வீடு’ என்றும் ‘குள்ளர் வீடு’ என்றும் மக்கள் இத்தகையவற்றுக்குப் பெயரிட்டு வழங்குவர். தொல்லியலார் இவற்றைக் ‘கற்திட்டை’ என்பர். இறந்தவர்களின் நினைவாகப் பெருங்கற்கால மக்கள் எழுப்பியவை இவை. இதே போன்ற பலகைக் கல் அறையை நிலத்துக்குள் அமைத்தால் அது ‘கற்பதுக்கை’.

செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைப் பாதிரிமார்களான ஆங்லேடும் நியூட்டனும் இவற்றை மலை மலையாகச் சென்று பார்த்து எழுதிய நூலை, 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அவர்கள் காலத்தில் சேர்க்கப்பட்ட தொல்பொருள்கள் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

பூச்சு இல்லாத இந்த வீடு ஏன் நிற்கிறது? கூரைக் கல்லின் எடைதான் காரணம். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 20 செ.மீ. கனம் உள்ள ஒரு கல்லின் எடை ஏறத்தாழ 1,600 கிலோ இருக்கும். இந்த எடை சுவர்க் கற்களை நிலத்தில் அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் உராய்வும் மிகும், கல் நழுவாது.

நிலத்துக்குள் அமையும் பதுக்கையில் வேறொரு சிக்கல் உண்டு. சுற்றியுள்ள மண் சுவர்களை உள்நோக்கித் தள்ளும். இதற்குப் பழந்தமிழர் கண்ட வழி மிக அழகானது. நான்கு தீப்பெட்டிகளை எடுத்துச் சதுரமாக நிறுத்துங்கள். ஒவ்வொரு பெட்டியின் ஒரு முனையும் அடுத்த பெட்டியைத் தாண்டிச் சற்று நீண்டிருக்கட்டும். மறுமுனை இன்னொரு பெட்டியின் பக்கத்தில் முட்டி நிற்கட்டும். மேலிருந்து பார்த்தால் காற்றாடி போலத் தோன்றும். இப்போது நான்கு பக்கமும் விரல்களால் உள்நோக்கித் தள்ளுங்கள். எந்தப் பெட்டியும் உள்ளே விழாது. ஒவ்வொன்றையும் அடுத்தது தடுத்துக்கொள்ளும். தமிழகத்தின் கற்பதுக்கைகள் பலவற்றில் பலகைக் கற்கள் இந்த அமைப்பில்தான் நிற்கின்றன. தள்ளும் விசையே பூட்டாக மாறிவிடுகிறது.

அடிவாரத்து மணிப் பட்டறை

இனி மலையிலிருந்து இறங்கி வருவோம். பழனி நகருக்குத் தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில், பொருந்தல் என்னும் ஊர் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009-இலும் 2010-இலும் இங்கு அகழாய்வு நடந்தது. மக்கள் வாழ்ந்த மேட்டில் 2,000-க்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள் கிடைத்தன. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை எனப் பல நிறத்தவை. மணி செய்த உலையின் தடயமும் வெளிப்பட்டது. மணிகளை வாங்கி அணிந்தவர்களோடு அவற்றைச் செய்தவர்களும் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள் என்பது இதனால் தெரிந்தது.

கண்ணாடியில் இத்தனை சிறிய மணியைத் துளையோடு எப்படிச் செய்வது? தென்னிந்தியாவில் நெடுங்காலம் வழங்கிய முறை ஒன்று உண்டு. உலையில் இளகிய கண்ணாடித் திரளை ஓர் இரும்புக் குழாயின் முனையில் சேர்த்து, நடுவே வெற்றிடம் இருக்குமாறு செய்து, அதிலிருந்து கண்ணாடியை நூல் போல இழுத்துக்கொண்டே செல்வார்கள். உள்ளிருந்த வெற்றிடமும் கூடவே இழுபட்டு மெல்லிய துளையாகிவிடும். கிடைத்த நீண்ட குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடேற்றினால் கூரிய ஓரங்கள் உருண்டு மணிகளாகும். ஆந்திரத்தின் பாப்பநாயுடுபேட்டை என்னும் ஊரில் இம்முறை 20-ஆம் நூற்றாண்டிலும் கைத்தொழிலாக இருந்தது. நிறத்துக்கு உலோக ஆக்சைடுகளே காரணம். செம்பு ஒன்றே, உலையில் காற்று மிகுந்தால் பச்சையும் நீலமும் தரும். காற்று குறைந்தால் சிவப்பைத் தரும்.

பொருந்தலின் ஈமக்காட்டில் கிடைத்தவை இன்னும் முக்கியமானவை. ஒரு கல்லறையில் நான்கு கால்களை உடைய தாழி ஒன்று இருந்தது. அதில் ஏறத்தாழ 2 கிலோ நெல்! அருகில் பானையைத் தாங்கும் வளைய வடிவப் புரிமனை ஒன்றில் ‘வயிர’ என்று படிக்கத்தக்க தமிழ் பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. நெல்லை அமெரிக்காவிலுள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்தில் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது, கி.மு. 490 அளவைச் சேர்ந்தது என்ற முடிவு வந்தது. தமிழ் பிராமி எழுத்து அசோகர் காலத்துக்கு முன்பே வழங்கியதா என்ற நெடிய விவாதத்தில் இந்தக் கைப்பிடி நெல் முக்கியமான சாட்சியாக நிற்கிறது. ஒரு சில நெல்மணிகளைக் கொண்டே முடிவு செய்யலாகாது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எப்படியாயினும், அந்த நெல்லையும் எழுத்தையும் நமக்காகக் காத்து வைத்தவை அந்தக் கல்லறையின் கற்களே. விலையுயர்ந்த சிறு பொருளைச் சுற்றிலும் மறித்து, மேலே மூடி, அசையாமல் காப்பது அதன் வேலை. நகைக் கலைஞர் ஒரு கல்லைப் பொன்னில் பதிக்கும்போது செய்வதும் அதுவே அல்லவா?

சுவரா, தூணா?

வீட்டைக் ‘கட்டுகிறோம்’, நகையிலும் கல் ‘கட்டுகிறோம்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். கல் கட்டுவதில் பெரும்பாலும் இரண்டு முறைகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, கல்லைச் சுற்றிலும் தகட்டால் சுவர் எழுப்பி, சுவரின் மேல் விளிம்பைக் கல்லின் மேல் மடித்து அழுத்துவது. நம் பாட்டிமார் அணிந்த வைரத் தோடுகள் பல இவ்வகை. பின்புறமும் தகட்டால் மூடப்பட்டிருக்கும். இது பதுக்கையைப் போன்றது. கல் பத்திரமாக இருக்கும். ஆனால் பின்னாலிருந்து ஒளி புகாது. அதனால் கல்லுக்கு அடியில் பளபளப்பான மெல்லிய தாளை வைத்து, உள்ளே வந்த ஒளியைத் திருப்பி அனுப்பும் உத்தியைக் கையாண்டனர். கெம்புக்கல் நகைகளின் ஆழ்ந்த சிவப்புக்கு இந்தத் தாளும் ஒரு காரணம்.

இரண்டாவது, சுவரை நீக்கிவிட்டுத் தூண்களை மட்டும் நிறுத்துவது. மெல்லிய கம்பிக் கால்கள் கல்லைச் சுற்றி நின்று, நுனியில் நகம் போல் வளைந்து அதைப் பற்றியிருக்கும். டிஃபனி நிறுவனம் 1886-இல் கொண்டுவந்த ஆறு கால் மோதிரம் இதில் புகழ்பெற்றது. நாற்புறமும் திறந்திருப்பதால் ஒளி தாராளமாக நுழையும். பழைய கோட்டைச் சுவருக்கும் இன்றைய கண்ணாடி மாளிகைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். சுவர் தாங்கிய பாரத்தைத் தூண் தாங்கத் தொடங்கியதும் கட்டடத்துக்குள் வெளிச்சம் வந்தது, நகைக்குள்ளும் வந்தது.

கால்கள் கல்லை எப்படிப் பிடித்திருக்கின்றன? எதிரெதிர்க் கால்கள் ஒன்றை நோக்கி ஒன்று அழுத்துகின்றன. நடுவில் அகப்பட்ட கல் எந்தப் பக்கமும் நகர முடியாது. பதுக்கையின் சுவர்களை மண் தள்ளியது. இங்கே உலோகத்தின் மீள்விசை தள்ளுகிறது. ஒரு கால் தேய்ந்தாலோ நிமிர்ந்தாலோ அந்தச் சமநிலை கெடும். ‘கல் ஆடுகிறது’ என்று தட்டாரிடம் ஓடுகிறோமே, அது இந்த நிலைதான்.

சிறிதானால் என்ன ஆகும்?

இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய உண்மையை விளக்கினார். ஒரு பொருளின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் மாற்றினால் அதன் எடையும் வலிமையும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை. எடை நீளம், அகலம், உயரம் மூன்றையும் பொறுத்தது. வலிமையோ குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அதில் இரண்டு அளவுகளே உண்டு.

நம் கற்திட்டையையே எடுத்துக்கொள்வோம். அதை 100 பங்கு சிறிதாக்கி மோதிரத்தின் முகப்பாகச் செய்வதாக வைத்துக்கொள்வோம். கூரைக் கல் 2 செ.மீ. நீளமும் ஒன்றரை செ.மீ. அகலமும் 2 மி.மீ. கனமும் உடையதாகும். அதன் எடை பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதாவது, 1,600 கிலோ இருந்தது 1.6 கிராம் ஆகிவிடும். ஆனால் அதைத் தாங்கும் சுவரின் பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகவே குறையும். ஆகவே எடையோடு ஒப்பிட, சிறிய திட்டை பெரிய திட்டையைவிட 100 மடங்கு வலிமையுடையது!

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது நன்மை. மலைமேல் கனத்த சுவர் தேவைப்பட்ட இடத்தில், நகையில் குண்டூசி போன்ற நான்கு கம்பிகளே போதும். கட்டடத்தில் கனவிலும் நினைக்க முடியாத மெல்லிய தூணையும் நீண்ட விதானத்தையும் நகைக் கலைஞர் துணிந்து அமைக்கலாம். தன் எடையால் எந்த மோதிரமும் இடிந்து விழுவதில்லை.

இரண்டாவது தீமை. கற்திட்டையைக் காத்தது கூரையின் எடை என்று கண்டோம். 1.6 கிராம் எடை எதையும் அழுத்திப் பிடிக்காது. விரலை அசைத்தாலே கூரை பறந்துவிடும். எனவே, பெரிய வீட்டில் எடை செய்த வேலையை நகையில் பற்றாசோ, மடிப்போ, ஆணியோ செய்தாக வேண்டும். கட்டடத்தைச் சிறிதாக்குபவர் உருவத்தை வைத்துக்கொள்ளலாம். அதை நிறுத்திய காரணத்தை மாற்றியே தீர வேண்டும்.

மோதிரத்துக்குப் பகைகளும் வேறு. கட்டடம் இடத்தை விட்டு நகராது. நகையோ கதவில் இடிபடும், தலைமுடியில் சிக்கும், சேலை நூலை இழுக்கும், வியர்வையில் ஊறும். பொன் மிக மென்மையான உலோகம். தெருப் புழுதியில் உள்ள மணல் துகள்கூட அதைவிடப் பன்மடங்கு கடினமானது. அதனால்தான் பொன்னில் செம்பும் வெள்ளியும் கலக்கிறோம். 22 காரட் என்பது 91.6 விழுக்காடு பொன். மெல்லிய கால்களும் நீண்ட கைகளும் கொண்ட புதுவகை நகைகளுக்கு 75 விழுக்காடே பொன் கொண்ட 18 காரட் கலவையைப் பலர் விரும்புவதற்கும் காரணம் அதன் உறுதியே.

காதில் தொங்கும் கவிகை

கட்டடத்தைப் பார்த்துச் செய்த நகை என்றதும் புதிய நாகரிகம் என்று எண்ண வேண்டாம். ஜிமிக்கியைப் பாருங்கள். அது ஒரு சிறிய கவிகை மாடம்! கொடைக்கானலில் 1901 முதல் சூரியனை ஆராய்ந்து வரும் வானாய்வு நிலையத்தின் கூரைக் குமிழும், காதில் ஆடும் ஜிமிக்கியும் வடிவத்தால் ஒரே குடும்பம்.

ஒன்றரை செ.மீ. விட்டமுள்ள அரைக்கோளத்தைக் கெட்டிப் பொன்னில் செய்தால் எடை 17 கிராம் வரும். இரண்டு சவரனுக்கும் மேல். காது அறுந்துவிடும். அதையே 0.2 மி.மீ. கனமுள்ள தகட்டில் குடைவாகச் செய்தால் ஒன்றரை கிராம்கூட இராது. இத்தனை மெல்லிய தகடு விரல் பட்டால் ஏன் நசுங்கிவிடுவதில்லை?

ஒரு அஞ்சலட்டையை எடுத்து மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்து, நுனியில் ஒரு நாணயத்தை வையுங்கள். அட்டை வளைந்து நாணயம் விழுந்துவிடும். இப்போது அட்டையை நீளவாக்கில் இலேசாகக் குழிவாக வளைத்துப் பிடியுங்கள். அதே அட்டை நாணயத்தைத் தாங்கி நிற்கும். பொருள் மாறவில்லை, வளைவுதான் மாறியது. கவிகையோ இரண்டு திசைகளிலும் வளைந்தது. ஒரு புள்ளியில் அழுத்தினால் விசை சுற்றிலும் பரவிவிடுகிறது. முட்டை ஓட்டின் வலிமையும் இதுவே.

கவிகைக்கு ஒரு குறை உண்டு. அதன் அடிவிளிம்பு வெளிப்புறமாக விரிய முயலும். ஆகவே விளிம்பைச் சுற்றிப் பட்டை போட வேண்டும். இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரப் பேராலயத்தின் மாபெரும் கவிகையை 1420 முதல் 1436 வரை கட்டிய புரூனெல்லஸ்கி, கல்லாலும் மரத்தாலும் ஆன சங்கிலிகளைச் சுவருக்குள் வளையமாக வைத்தார். ஜிமிக்கியின் அடியிலும் தட்டார் ஒரு கம்பி வளையத்தை ஓட்டுகிறார். அதில்தான் முத்துகளைத் தொங்கவிடுகிறார். அழகுக்காக வைத்தது போல் தோன்றும் அந்த வளையம் விளிம்பு நெளியாமல் காக்கிறது. இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று: புரூனெல்லஸ்கி தொடக்கத்தில் பயின்ற தொழில் பொற்கொல்லர் தொழிலே!

நம் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானமும் கெட்டியான கல் குன்று அன்று. அதன் உள்ளே வெளியாகவே இருக்கிறது. எடையைக் குறைத்து உயரத்தைக் கூட்டும் உத்தி, கட்டடத்துக்கும் நகைக்கும் பொது.

பொடி வைத்து ஊதுதல்

‘அவர் பொடி வைத்துப் பேசுகிறார்’ என்கிறோம். பேச்சில் ஏதோ மறைந்திருக்கிறது என்பது பொருள். இந்த வழக்குக்குத் தட்டார் பட்டறை நினைவு வரும். இரண்டு பொன் துண்டுகளை இணைக்கும்போது இடையில் ‘பொடி’ என்னும் பற்றாசை வைத்து, ஊதுகுழலால் சுடரை ஊதிக் காட்டுவார். பொடி உருகி இடுக்கில் ஓடி மறைந்துவிடும். இணைப்பு வெளியே தெரியாது.

பொடியும் பொன்னும் உறவினரே. பிறகு பொடி மட்டும் முதலில் உருகுவது ஏன்? வெள்ளி 962 டிகிரியிலும் செம்பு 1,085 டிகிரியிலும் உருகும். ஆனால் இரண்டையும் வெள்ளி 72, செம்பு 28 என்ற விகிதத்தில் கலந்தால், கலவை 780 டிகிரிக்குள் உருகிவிடும். இரண்டில் எதைவிடவும் குறைவு! வேறுபட்ட அணுக்கள் கலந்திருப்பதால் ஒழுங்கான படிகமாக அடுக்கி நிற்பது கடினமாகிறது. 1,064 டிகிரியில் உருகும் பொன்னோடு இத்தகைய உலோகங்களைச் சேர்த்தால், நகை உருகுமுன் உருகும் பொடி கிடைக்கிறது. உடன் இடும் வெண்காரம் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடுப் படலத்தைக் கரைத்து, பொடி ஓட வழி விடுகிறது.

சிறுமையின் இன்னொரு நன்மையையும் இங்கே காணலாம். சிறிய பொன் துண்டைக் கரியின் மேல் வைத்து உருக்கினால் அது தானாகவே உருண்டையாகிவிடும். திரவத்தின் பரப்பு இழுவிசை அதை மிகக் குறைந்த பரப்புள்ள வடிவமாகிய கோளமாகச் சுருட்டுகிறது. துளி பெரிதாக இருந்தால் எடை வென்று தட்டையாகிவிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளியில் பரப்பு இழுவிசையே வெல்லும். பொருந்தலில் கிடைத்தவை போன்ற கண்ணாடி மணிகள் சூட்டில் ஓரம் உருண்டதும் இதனால்தான். கொத்தனார் ஒரு குமிழைக் கட்டச் சாரம் போட்டுப் பல மாதம் பாடுபட வேண்டும். தட்டாருக்கோ இயற்கையே இலவசமாகக் கோளம் செய்து தருகிறது.

தட்டாரும் சிற்பியும்

தமிழ்நாட்டில் கட்டடத்துக்கும் நகைக்கும் உள்ள உறவு வெறும் உவமை அன்று. கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி, தட்டார் ஆகிய ஐவகைத் தொழிலாளரையும் ஒரே குடும்பமாகக் கருதி ‘பஞ்ச கம்மாளர்’ என்று அழைத்தனர். கல்லில் யாளியைச் செதுக்கியவரும், பொன்னில் அதை இழைத்தவரும் அண்ணன் தம்பிகளாக இருந்தனர். அளவு முறையும் வடிவ மரபும் ஒரு பட்டறையிலிருந்து மறு பட்டறைக்கு எளிதில் சென்றன.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் ராசராசன் அளித்த நகைகளைக் கல்வெட்டுகள் எத்தனை நுட்பமாகப் பட்டியலிடுகின்றன! முத்து எத்தனை, பவளம் எத்தனை, வைரம் எத்தனை, அவற்றின் குறைகள் யாவை, அரக்கு முதலியன உட்பட எடை எவ்வளவு என்று கழஞ்சிலும் மஞ்சாடியிலும் குன்றியிலும் கணக்கு உண்டு. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. 2 குன்றி ஒரு மஞ்சாடி. அந்நகைகளை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ‘தட்சிணமேரு விடங்கன்’. தட்சிணமேரு என்பது அப்பெருங் கோயிலோடு சேர்ந்த பெயர். அண்ணாந்து பார்க்கும் மலை போன்ற விமானமும், தராசுத் தட்டில் வைக்கும் சிறு கல்லும் ஒரே பெயரால் வழங்கின.

அந்த மரபின் வாரிசாக நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் கோயில் நகைத் தொழில் இன்றும் நடக்கிறது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. வெள்ளியில் வடிவம் அமைத்து, சிவப்புக் கற்களைப் பதித்து, பொன் தகட்டால் மூடி இழைக்கும் வேலை அது. மயில், அன்னம், மகரம் எனக் கோயில் சிற்பங்களில் கண்ட உருவங்களே நெற்றிச்சுட்டியிலும் ஒட்டியாணத்திலும் வருகின்றன. பரதநாட்டியம் ஆடுவோர் அணிவதும் இவையே.

மலைத்திட்டை மோதிரமாகும் வழி

இப்போது கொடைக்கானலில் வாழும் நகைக் கலைஞர் ஒருவர் கற்திட்டையைப் பார்த்து மோதிரம் செய்ய முற்படுகிறார் என்று கொள்வோம். அவர் என்னென்ன முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும்?

முதலில், நிலம். மலைமேல் சுவர்களின் அடியைப் பாறையும் மண்ணும் பிடித்திருந்தன. மோதிரத்தில் நிலம் எது? விரலைச் சுற்றும் வளையமே நிலம். ஆகவே சுவர்த் தகடுகளை வளையத்தோடு பற்றவைக்க வேண்டும். அடுத்து, கூரை. அதை மலைக் கல்லிலேயே செய்ய ஆசை எழலாம். ஆனால் கல் அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைத் தாங்காது. பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் தாங்கும். பலகைக் கல்லின் நடுவில் அடி விழுந்தால் அதன் கீழ்ப்பரப்பு இழுபடும். அங்கே வெடிப்புத் தொடங்கும். ஆகவே கல்லுக்கு அடியில் வெள்ளித் தகடு ஒன்றைத் தாங்கலாக வைப்பதே அறிவுடைமை. மூன்றாவது, மூலைகள். திட்டையின் கூர்மையான மூலைகளை அப்படியே வைத்தால் துணியில் மாட்டும். உருவம் கெடாத அளவுக்கு அவற்றை அரத்தால் மழுக்க வேண்டும்.

செய்யும் முறையிலும் பழமையும் புதுமையும் கைகோக்கின்றன. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில்தான் சுவாமிமலைச் சிற்பிகள் படிமங்களை வார்க்கிறார்கள். மோதிரமும் அவ்வாறே வார்க்கப்படுகிறது. இன்று பலர் கணிப்பொறியில் வரைந்து, அந்த உருவத்தைப் பிசினிலோ மெழுகிலோ மெல்லிய அடுக்குகளாக இயந்திரத்தால் எழுப்பிக்கொள்கிறார்கள். அதற்குப் பின் வரும் வார்ப்பு பழைய வார்ப்பே. உலோகம் ஆறும்போது சற்றுச் சுருங்கும் என்பதால் மாதிரியைச் சிறிது பெரிதாகச் செய்வதும் பழைய கணக்கே. கடைசியில் கல்லைக் கட்டும்போது, எந்த இயந்திரத்தையும்விட விரல் நுனியே நம்பத்தக்கதாக இருக்கிறது.

மாதிரிகள் அழியலாமா?

நகைக் கலைஞர் பார்த்துக் கற்பதற்கு மாதிரி வேண்டும். பழனி மலையின் கற்திட்டைகளில் பல சிதைந்து கிடக்கின்றன. உள்ளே புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டியவர்கள் உண்டு. தோட்டம் போடும்போது அகற்றியவர்களும், பலகைக் கற்களைச் சுவருக்கும் படிக்கும் எடுத்துச் சென்றவர்களும் உண்டு. பூச்சு இல்லாத கட்டடம் என்பதால் ஒரு கல்லை உருவினால் போதும். பூட்டு முழுவதும் அவிழ்ந்துவிடும்.

புதையல் தேடியவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில மணிகளும் பானை ஓடுகளுமே. சந்தையில் அவற்றுக்கு விலை மிகக் குறைவு. ஆனால் இருந்த இடத்தில் இருக்கும் வரை அவற்றின் மதிப்பு அளவிட முடியாதது. பொருந்தலில் அந்தப் புரிமனை மட்டும் தனியே யாரோ ஒருவர் கையில் கிடைத்திருந்தால், அதன் காலம் எவருக்கும் தெரிந்திராது. அதே அறையில் நெல் இருந்ததால்தான் எழுத்துக்கு வயது கிடைத்தது. கோவையிலிருந்து பிரித்த முத்து போல, இடத்திலிருந்து பிரித்த மணி தன் வரலாற்றை இழந்துவிடுகிறது.

எனவே மலைக்குச் செல்லும் அன்பர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கற்திட்டையைக் கண்டால் நீள அகலங்களை அளந்து கொள்ளுங்கள், எந்தக் கல் எந்தக் கல்லில் முட்டி நிற்கிறது என்று வரைந்து கொள்ளுங்கள், படம் எடுங்கள். தோண்டவோ கல்லை அசைக்கவோ வேண்டாம். புதிதாக ஏதேனும் தென்பட்டால் தொல்லியல் துறையினருக்குத் தெரிவியுங்கள். பள்ளி மாணவர்கள் அட்டையில் அதற்கு ஒரு மாதிரி செய்து, அது ஏன் நிற்கிறது என்று ஆராய்ந்து பார்க்கலாம்.

கல் கட்டிய தோட்டை அடுத்த முறை கையில் எடுக்கும்போது, அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எது சுவர், எது தூண், எது கூரை, எந்த விசை எதைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சில குன்றி எடையில் ஒரு முழுக் கட்டடம் அங்கே நிற்பது தெரியும்.